கடன் 20 வருடம், காப்பீடு ஒரு வருடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) பணம் போடுகிறேன். பெரிய இயற்கைப் பேரிடர் வந்து சந்தை சரிந்தால் உடனே விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் அந்நாட்டுப் பங்குச் சந்தையின் நிக்கே குறியீடு 16 சதவீதம் விழுந்தது. புதனன்று 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. செவ்வாயன்று பதறி விற்றவர்களுக்கு நஷ்டம் கையோடு நின்றுவிட்டது.

ஆனால் தனிப் பங்கும் இப்படி மீளும் என்று நம்பாதீர்கள். ஃபுகுஷிமா அணு உலையை நடத்திய டெப்கோவின் பங்கு, பத்து வருடம் கழித்தும் பழைய விலையை எட்டவில்லை. கலிஃபோர்னியாவின் மின் நிறுவனமான பிஜி அண்ட் இ, காட்டுத்தீ இழப்பீட்டுச் சுமை தாங்காமல் 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. மின் நிறுவனப் பங்கு என்றால் பாதுகாப்பானது, டிவிடெண்ட் தவறாது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் யோசிக்க வேண்டும். எந்தத் தனிப் பங்கும் உங்கள் முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கு என்றால் அதற்கும் கீழே வையுங்கள். ஒரே வெள்ளத்தில் சம்பளமும் சேமிப்பும் சேர்ந்து அடிபடக் கூடாது.

கேள்வி: கடலோரத்தில் ஒரு வீட்டை முதலீடாக வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்குக் காப்பீடு கிடைக்குமா, பிரீமியம் எவ்வளவு என்று இரண்டு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பலர் இதைப் பத்திரப்பதிவு முடிந்த பிறகு செய்கிறார்கள். கடன் 20 வருடத்துக்கு. பாலிசியோ பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. பேரிடர் கூடக் கூட பிரீமியம் ஏறும், சில இடங்களில் பாலிசியே கிடைக்காமல் போகும். ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. காப்பீடு கிடைக்காத வீட்டுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். கடன் கிடைக்காத வீட்டை நீங்கள் விற்கப் போனால் வாங்க ஆள் குறையும். வீட்டின் விலை இப்படித்தான், தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்குகிறது.

பாலிசி எடுக்கும்போது பெரும்பாலோர் சறுக்கும் இடம் காப்பீட்டுத் தொகை. மனையின் மதிப்பை விட்டுவிடுங்கள்; கட்டடத்தை இடித்து மறுபடி கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. அது 100 என்று வைப்போம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 60-க்கு மட்டும் எடுத்திருக்கிறீர்கள். வெள்ளத்தில் 30 அளவுக்குச் சேதம். 30 தானே, 60-க்குள் அடங்குகிறதே என்று நினைப்போம். பாலிசியில் சராசரி விதி இருந்தால், 60 சதவீதம்தான் காப்பீடு செய்தீர்கள் என்று 30-ல் 60 சதவீதமான 18 மட்டும் வரும். அதிலும், ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கைக் கழிப்பார்கள். புயலுக்கு இந்தப் பங்கைக் காப்பீட்டுத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வைப்பதுண்டு. 5 சதவீதம் என்றால் 60-க்கு 3 போய், கைக்கு வருவது 15. பாதிச் சேதம் உங்கள் தலையில்.

பேரிடருக்குப் பின் ஊரே வீடு கட்டும் என்பதால் சிமெண்ட், கூலி எல்லாம் ஏறும். ஆகவே மறுகட்டுமானச் செலவை வருடா வருடம் திருத்துங்கள். பாலிசியில் ‘வெள்ளம்’, ‘கடல் பொங்குதல்’, ‘நிலச்சரிவு’ ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். புயல் காற்றுக்குப் பணம் கொடுத்து, புயலோடு வந்த தண்ணீருக்குக் கைவிரிக்கும் பாலிசிகள் உண்டு.

கேள்வி: அவசர நிதி ஆறு மாதச் செலவுக்கு வைத்திருக்கிறேன். போதுமா?

அதனுடன், கிளெய்மில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கையும் சேருங்கள். கிளெய்ம் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடும். ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வீட்டில் இருக்கட்டும், மின்சாரமும் சிக்னலும் போனால் ஏடிஎம்மும் கைபேசியும் உதவாது. மிச்சத்தைச் சேமிப்புக் கணக்கிலும், சீக்கிரம் பணம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலும் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: சூரியசக்தி, காற்றாலைப் பங்குகளை மட்டும் வாங்கும் ஃபண்ட் பற்றி?

உலகத்துக்குத் தேவைப்படும் தொழில் என்பதாலேயே பங்கு லாபம் தந்துவிடாது. 2020-ல் இந்தப் பங்குகள் தாறுமாறாக ஏறின; பிறகு வட்டி விகிதம் உயர்ந்தபோது, கடன் வாங்கித் திட்டம் போடும் இந்த நிறுவனங்கள் பலமாக அடிவாங்கின. மொத்த முதலீட்டில் 5 முதல் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பெயரில் ‘பசுமை’ இருந்தாலும், அந்த ஃபண்ட் வைத்திருக்கும் முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள். உங்கள் இண்டெக்ஸ் ஃபண்டில் ஏற்கெனவே இருக்கும் அதே நிறுவனங்கள்தான் என்றால், கூடுதல் கட்டணம் கட்டி இதை வாங்க வேண்டியதில்லை.