வகுப்புக்குள் நுழையப் போகிறவர்களின் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களும் அடுத்த பருவத்தில் முதல் வகுப்பை எடுக்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. கல்விக் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் பற்றாக்குறை பற்றியும் நிறைய வந்திருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஒரு புது ஆசிரியர் யாரையும் கேட்காமல் திங்கட்கிழமை காலையிலேயே மாற்றக்கூடிய விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், வீட்டுப்பாடக் கட்டுரையைப் பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருளை நம்பலாமா?

நம்பாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 40 பேரும் நேர்மையாக எழுதிய ஒரு வகுப்பில் அந்தக் கணக்குப்படி மூன்று நான்கு பிள்ளைகள் திருடர்களாகி நிற்பார்கள். பிறகு வந்த கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் செய்யாத தப்புக்கு ஒரு பிள்ளையை நிறுத்தினால் அந்த வகுப்பு உங்களை மறுபடி நம்ப மாதக்கணக்காகும்.

வேலை கொடுக்கும் முறையை மாற்றுங்கள். கட்டுரையை மூன்றாகப் பிரியுங்கள். முதல் நாள் வகுப்பிலேயே 10 நிமிடம்: தலைப்புக்குத் தன் கருத்து ஒரு வரி, அதற்குக் காரணம் மூன்று, கையெழுத்தில். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரிவாக எழுதுவது வீட்டில். திரும்பி வந்ததும் ஐந்தாறு பேரை மட்டும் கூப்பிட்டு ஆளுக்கு 2 நிமிடம்: "இந்த இரண்டாவது பத்தியை எடுத்துவிட்டால் என்ன குறையும்?", "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?", "இதை மறுத்துப் பேசுகிறவர் என்ன சொல்வார்?" சொந்தமாக எழுதியவர் தடுமாறினாலும் பதில் சொல்லிவிடுவார். யாரைக் கூப்பிடுவீர்கள் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருந்தாலே போதும், மற்றவர்களும் தயாராக வருவார்கள்.

மதிப்பெண்ணில் பெரும்பங்கு வகுப்பில் எழுதியதற்கும் வாய்மொழிக்கும் போகட்டும். வீட்டில் எழுதியதற்கே முழு மதிப்பெண்ணையும் வைத்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று வருந்துவதில் பயனில்லை.

கேள்வி: ஒரே வகுப்பில் கழித்தல் தெரியாதவரும் இருக்கிறார், அடுத்த வகுப்புக் கணக்கைப் போடுபவரும் இருக்கிறார். 45 பேர். எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து 'மெல்லக் கற்போர்' என்று பிரிப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் பிழை. 10க்கு 4 வாங்கிய இரண்டு பேருக்கு முற்றிலும் வேறு வேறு சிக்கல் இருக்கும். தப்பான விடையைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

402 − 178 என்று ஒரு கணக்கு போதும். சரியான விடை 224.

376 என்று எழுதியவர் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறார். எது மேலே, எது கீழே என்பதே அவருக்குப் பொருட்டில்லை. இவருக்கு இட மதிப்பையே குச்சிக் கட்டுகளை வைத்துத் தொடங்க வேண்டும்.

324 என்று எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தை 9 ஆக்கினார், ஆனால் நூறிலிருந்து ஒன்றை எடுக்க மறந்தார். 234 என்று எழுதியவர் நூறிலிருந்து எடுத்தார், பத்தை 10 ஆகவே விட்டுவிட்டார், ஒன்றுக்குக் கொடுத்ததைக் குறைக்கவில்லை. இந்த இருவருக்கும் நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள் நாலைந்து, பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்தால் போதும். பெரும்பாலும் ஒரே நாளில் சரியாகும்.

இப்படி 8 கணக்குகள், ஒவ்வொன்றும் ஒரு தனித் திறனுக்கு, 15 நிமிடம். மதிப்பெண் போடாதீர்கள். தாள்களைத் தப்பின் வகைப்படி மேசையில் அடுக்குங்கள், பொதுவாக மூன்று நான்கு அடுக்குக்கு மேல் வராது. வாரத்தில் மூன்று நாள், பாடவேளையில் 12 நிமிடம் அந்தக் குழுக்களுக்கு. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் தனியாகச் செய்யக்கூடிய வேலை கரும்பலகையில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் திட்டம் மூன்றாம் நாளே கவிழும்: ஒரு குழுவிடம் குனிந்திருப்பீர்கள், மீதி முப்பது பேர் சும்மா இருப்பார்கள், சத்தம் எழும், நீங்களும் கைவிடுவீர்கள்.

குழுக்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கலைத்துவிடுங்கள். கலையாத குழு ஒரு பட்டப்பெயராகிவிடும்.

கேள்வி: மேல்நிலைக்கு வந்தும் சில பிள்ளைகள் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

முழுதாக வேண்டாம். எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 247 எழுத்தும் தெரியாத பிள்ளை அரிது. பெரும்பாலும் சிக்கல் நாலு இடத்தில்தான்.

ஒன்று, கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிரின் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ வந்தால் குறி இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கும் பிள்ளை ஒற்றைக்கொம்பைக் கண்டதும் நின்றுவிடும், துணைக்காலைத் தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். இரண்டு, உகர ஊகார வரிசை: கு, சு, து, பு, மு என்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கும், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே குறி கிடையாது. மூன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி: பகல், பக்கம், தங்கம் மூன்றிலும் 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. நான்கு, ண-ந-ன, ல-ள-ழ, ர-ற குழப்பம். இது வாசிப்பைவிட எழுதுவதில்தான் அதிகம் உறுத்தும், கடைசியில் பார்க்கலாம்.

சோதனைக்கு நான்கு வரி எழுதுங்கள், வரிக்கு ஆறு சொல். முதல் வரியில் படம், மரம் போன்றவை, இரண்டாவதில் கொம்பு வரும் சொற்கள், மூன்றாவதில் உகர ஊகாரம், நான்காவதில் ஒற்று இரட்டிக்கும் சொற்கள். தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் ஆகாது.

பிறகு தினமும் 10 நிமிடம். வாரத்துக்கு ஒரு குறி, அதிகம் போனால் இரண்டு. கே வாரத்தில் கேள், கேணி, தேன், மேகம், பேனா. எழுத்து அட்டவணையைக் கூட்டாகச் சொல்ல வைக்காதீர்கள். க, கா, கி, கீ என்பது அவர்களுக்குப் பாட்டாக மனப்பாடம். நடுவில் 'கூ'வைத் தொட்டு என்னவென்று கேளுங்கள், பல பிள்ளைகள் மனசுக்குள் 'க'விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் சொல்வார்கள். அது வாசிப்பு ஆகாது.

அதோடு 50, 60 சொல் உள்ள ஒரே பத்தியை மூன்று முறை: முதலில் நீங்கள், அடுத்து சேர்ந்து, பிறகு அவர் மட்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று குறித்து, அவருடைய சென்ற வாரத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். வகுப்பின் நடுவே எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு அவமானம் போதும், புத்தகத்தையே வெறுத்துவிடும்.

கேள்வி: பாடத்திட்டக் குறிப்பில் பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என்று பிரித்து எழுதச் சொல்கிறார்கள். உண்மையிலேயே அப்படி உண்டா?

பிள்ளைகளுக்கு விருப்பம் உண்டு. அந்த விருப்பத்துக்கு ஏற்றபடி கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். வரைபடத்தை எல்லாரும் பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லாரும் கேட்டுத்தான் கற்க வேண்டும். முறையைத் தீர்மானிப்பது பாடப்பொருள். குறிப்பில் அந்தக் கட்டத்தை நிரப்ப மதிப்பெண் உண்டென்றால் நிரப்பிவிட்டுப் போங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். பிள்ளையிடம் மட்டும் "நீ கேட்டுக் கற்கும் ரகம்" என்று சொல்லிவிடாதீர்கள். படிக்காமல் இருக்க அது நல்ல சாக்கு.

கேள்வி: "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் "புரிஞ்சுது" என்கிறார்கள். தேர்வில் பார்த்தால் ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?

அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள். வகுப்பறையின் பெரிய பொய் அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. பிள்ளை உங்களை ஏமாற்றவும் இல்லை. கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தோன்றும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் காட்டும்படி கேளுங்கள். பழைய தாளின் பின்பக்கம், சிலேட்டு, விரல்கள், எதுவானாலும் சரி. நான்கு விடைகள் கொடுத்தால் தப்பு விடைகள் வழக்கமான குழப்பங்களிலிருந்து வர வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு என்றால் 2/5 கட்டாயம் இருக்கட்டும், மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டுகிறவர் அதில் வந்து விழுவார். உடனே கேளுங்கள்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். அரையைவிடக் குறைவாக எப்படி வரும்?"

அறிவியலில்: ஒரு பெரிய மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், நீர், காற்று, சூரிய ஒளி. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தப்பில்லாமல் எழுதுகிறவர்களே 'மண்' என்பார்கள். சரியான விடை காற்று, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. வான் ஹெல்மாண்ட் என்ற வேதியியலாளர் ஒரு வில்லோ மரத்தை ஐந்து ஆண்டு தொட்டியில் வளர்த்துப் பார்த்த சோதனை 1648இல் அச்சானது. மரம் சுமார் 164 பவுண்டு கூடியது, மண்ணில் ஏறத்தாழ 2 அவுன்சுதான் குறைந்தது. அவரும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றே முடித்தார். இதைச் சொன்னால் தப்பாகச் சொன்ன பிள்ளைக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

கேள்வியை முதலில் போடுங்கள், மூன்று விநாடி பொறுங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 44 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது"கள் குறைகின்றன என்பதையும் 1970களில் மேரி பட் ரோ ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டினார். மூன்று விநாடி நிற்கிறவருக்கு நெடுநேரமாகத் தோன்றும். மனசுக்குள் எண்ணிப் பழகுங்கள்.

கேள்வி: மனப்பாடக் கல்வி கூடாது என்கிறார்கள். ஆனால் தேர்வு மனப்பாடத்தைத்தானே கேட்கிறது?

நினைவை எதிரியாக்க வேண்டாம். வாய்ப்பாடு தெரியாதவர் பின்னத்தைப் புரிந்துகொள்ளத் திணறுவார். புரியாததை உருப்போடுவதும், புரிந்ததைத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பதும்தான் வீண். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பத்தியை மறுபடி படித்தது, இன்னொன்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. பிள்ளைகள் மறுவாசிப்பையே நம்புவதற்கு அந்த முதல் 5 நிமிடம்தான் காரணம்.

வகுப்பில் இப்படிச் செய்யுங்கள்: உள்ளே வரும்போதே பலகையில் 4 கேள்வி. இரண்டு நேற்றையது, ஒன்று சென்ற வாரத்தது, ஒன்று சென்ற மாதத்தது. புத்தகம் மூடியிருக்கும், 4 நிமிடம் எழுத, 2 நிமிடம் தாங்களே திருத்த. மதிப்பெண் போட்டால் பார்த்து எழுதத் தொடங்குவார்கள், காரியம் கெட்டது. பாதிப் பேருக்கு மேல் தப்பாக்கிய கேள்வி மறுநாள் திரும்ப வரட்டும்.

கேள்வி: கைபேசி?

பாடவேளையில் பையிலேயே இருக்கட்டும். தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டும் போதும் என்றுதான் யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் சொல்கிறது. எடுக்கச் சொல்வதென்றால் எதற்கு, எத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 45 நோட்டு திருத்தவே இரவு போகிறது. ஒவ்வொன்றிலும் கருத்து எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை.

மதிப்பெண்ணும் பக்கத்தில் எழுதுகிறீர்களா? அதுதான் காரணம். ரூத் பட்லர் 1988இல் சோதித்தார்: கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை, இரண்டும் பெற்றவர்களும் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்து கண்ணில் படாது.

நோட்டில் எழுதுவதையே குறையுங்கள். 45ஐயும் புரட்டிப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் மூன்று பிழைகள், எடுத்துக்காட்டான ஒரு நல்ல பத்தி, தனியாகப் பேச வேண்டிய நாலைந்து பேர் என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்தில் முடியும். மறுநாள் முதல் 10 நிமிடம் அந்த மூன்று பிழையையும் பலகையில் போட்டு, அவரவர் நோட்டில் அவரவரே தேடித் திருத்த வேண்டும். திருத்தும் நேரத்தை வகுப்புக்குள் ஒதுக்காமல் "வீட்டில் திருத்தி வா" என்றால் அது நடக்காது.

கேள்வி: அடிக்காமல், கத்தாமல் வகுப்பை அமைதியாக வைக்க முடியுமா சார்? சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. ஜேக்கப் கௌனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் எழுதியது இது: நல்ல ஆசிரியரும் தடுமாறும் ஆசிரியரும் குறும்பு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அதற்கு முன்னால் இருந்தது. எல்லா மூலையும் தன் கண்ணில் இருக்கிறது என்று காட்டுவதில், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி விடாமல் போவதில்.

சத்தம் எழுவது பெரும்பாலும் மூன்று நேரங்களில்: உள்ளே வரும்போது, தாளோ பொருளோ கொடுக்கும்போது, சிலர் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போது. முதலாவதுக்கு, உள்ளே வரும்போதே பலகையில் இருக்கும் அந்த நான்கு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதுக்கு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்து, ஒருவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, அப்புறம்தான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு விளக்கினால் ஒருவரும் கேட்கமாட்டார். மூன்றாவதுக்கு, "முடித்தவர்கள் இதைச் செய்யுங்கள்" என்று ஒரு வரி பலகையின் ஓரத்தில் எப்போதும் இருக்கட்டும். பலகையில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் ஒருக்களித்து நில்லுங்கள்.