எக்ஸ்ரே கணினிக்கு அப்டேட் போடலாமா?

கேள்வி: எங்கள் வைத்தியசாலையின் எக்ஸ்ரே கணினியில் இன்னும் விண்டோஸ் 7தான். நாங்களே புதிய விண்டோஸ் ஏற்றலாமா?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். டிரைவர் (இயந்திரத்தைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) பொருந்தாவிட்டால் படமே வராது. இயந்திரம் தந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விண்டோஸ் 7க்கான வழமையான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால், அவர்கள் பதில் தரும்வரை கணினியை இணையத்திலிருந்து பிரித்து, படங்களைச் சேமிக்கும் சேர்வரோடு மட்டும் இணைத்து வையுங்கள். எஸ்எம்பி 1ஐ (கணினிகள் கோப்புகளைப் பகிரும் பழைய முறை) நிறுத்தி, அது பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டையும் (வலையமைப்பு வாசல்) மூடுங்கள் (படங்கள் அவ்வழியே போகின்றனவா என்று முதலில் பாருங்கள்). 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் நச்சுநிரல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் பரவியது இவ்வழியாகத்தான். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது!

பதிவு மேசைக் கணினிகளுக்குச் சாக்குச் சொல்ல முடியாது. உடனே அப்டேட் போடுங்கள், யூபிஎஸ் இணைத்த பிறகு. நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம்.