“அது ரேஸ் இல்லை அப்பா, ரைடு!” – ஈ.சி.ஆரில் பறக்கும் மகனைத் தந்தை என்ன செய்வது?

கேள்வி: என் மூத்த மகனுக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறான். அவன் ஓட்டும் 200 சி.சி. பைக் என் பெயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொல்வான். சென்ற வாரம் அவனுடைய செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் 130-ஐக் காட்டுகிறது. இரண்டு பைக்குகள் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே புகுந்து போகின்றன. கேட்டால், “அது ரேஸ் இல்லை அப்பா, ரைடு. எனக்கு நல்ல கண்ட்ரோல் இருக்கிறது” என்கிறான். பைக்கை விற்றுவிடலாமா? ஏதாவது நடந்தால் உரிமையாளர் என்ற முறையில் என்னையும் பிடிப்பார்களா? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் இளையவனும் இப்போது அந்த வண்டியைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: விற்பதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். சாவியை மட்டும் இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வண்டியை விற்றால், அடுத்த ஞாயிறு அவன் நண்பனின் பைக்கில் போவான். அந்த வண்டியின் பிரேக் எப்படி, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயரில் இருக்கும் வண்டியில் உங்கள் சொல்லுக்கு ஓர் எடை இருக்கிறது. அதை அவசரப்பட்டு இழக்காதீர்கள்.

அவனிடம் பேசும்போது “உனக்கு ஓட்டத் தெரியாது” என்று தொடங்கவே கூடாது. அந்த வாதத்தில் நீங்கள் தோற்பீர்கள், ஏனென்றால் அவனுக்கு ஓட்டத் தெரிந்திருக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த காலத்தில் நான் கவனித்தது, வேகத்தில் சிக்கியவர்களில் தடுமாறி ஓட்டுகிறவர்கள் குறைவு. நன்றாக ஓட்டுகிறவர்களே அதிகம். சிக்கல் அவன் கையில் இல்லை, எதிரில் இருப்பவரின் கணக்கில் இருக்கிறது. இதை அவனோடு உட்கார்ந்து பேப்பரில் எழுதிப் பாருங்கள். பொறியியல் மாணவன்தானே, மறுக்க முடியாது.

கோவளம் பக்கம் சாலையைக் கடக்க ஒரு மூதாட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் தூரத்தில் ஒரு பைக் வருவது தெரிகிறது. நாம் எல்லோரும் சாலையைக் கடப்பது தூரத்தைப் பார்த்துத்தான். நேருக்கு நேராக வரும் வாகனத்தின் வேகத்தைக் கண்ணால் அளப்பது யாருக்கும் கடினம், பைக் போன்ற சிறிய உருவம் என்றால் இன்னும் கடினம். 50 கி.மீ. வேகத்தில் வரும் பைக் அந்த 150 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 11 விநாடி ஆகும். அவர் ஒரு பக்கத்துச் சாலையின் 7 மீட்டர் அகலத்தை, விநாடிக்கு 1.2 மீட்டர் என்று மெதுவாக நடந்தாலும், 6 விநாடியில் கடந்துவிடுவார். வாழ்நாள் முழுவதும் அவர் பழகிய கணக்கு இது. ஆனால் உங்கள் மகன் 130 கி.மீ. வேகத்தில் வந்தால் அதே தூரத்துக்கு 4 விநாடிதான். அப்போது மூதாட்டி 5 மீட்டர் நடந்து, சாலையில்தான் இருப்பார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் பார்த்த பைக்கும் உண்மையில் வந்த பைக்கும் வேறு வேறு, அவ்வளவுதான்.

“நான் பிரேக் போட்டுவிடுவேன்” என்பான். அதையும் கணக்கிடுங்கள். 130 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 36 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகிறது என்று கொண்டால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 54 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்று எல்லாம் சரியாக அமைந்தால் அதற்கு மேல் நிற்க 93 மீட்டர் தேவை. மொத்தம் 147. மூதாட்டிக்கு 3 மீட்டர் முன்னால் நிற்கலாம். அவன் கண் அந்த நேரத்தில் சரியாக அவர்மீது இருந்திருந்தால்! பக்கத்தில் வரும் நண்பன் எங்கே என்று ஒரே ஒரு விநாடி திரும்பிப் பார்த்திருந்தால், மூதாட்டியை அடையும்போது பைக் இன்னும் 78 கி.மீ. வேகத்தில் இருக்கும். ரேஸில் பக்கத்து வண்டியைப் பார்க்காதவர் உண்டா? போட்டி என்பதே அதுதான்.

ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பு பற்றியும் இளைஞர்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய பைக்குகளிலும் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பதுதான் அதன் வேலை. மேலே சொன்ன 54 மீட்டரில் அது ஒரு சாணைக்கூடக் குறைக்காது. கடலோரச் சாலையில் காற்று கொண்டுவந்து போடும் மணலில் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 71 சதவீதத்தினரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. என் அனுபவத்தில், படிவத்தை நிரப்புகிற காவலருக்கு எளிதாகக் கிடைக்கும் காரணமும் அதுதான். குழியும் இருட்டும் சாலை வடிவமைப்பும் அந்தப் பத்தியில் மறைந்துபோவதுண்டு. ஆகவே இந்தச் சதவீதத்தை வைத்து மகனைப் பயமுறுத்துவதைவிட அந்த 4 விநாடிக் கணக்கே போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் நடக்கும் வாகனப் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய். பரிசுக் கோப்பையோ பந்தயப் பணமோ இருந்தால்தான் ரேஸ் என்று சட்டம் சொல்லவில்லை; ‘எந்த வகையானதாயினும்’ என்பது அதன் சொல். ஆகவே “ரைடு” என்று பெயர் மாற்றுவது உதவாது. அந்தப் பிரிவு கலந்துகொள்பவரோடு ‘அனுமதிப்பவரையும்’ சேர்த்தே பேசுகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த தந்தை அந்தச் சொல்லுக்குள் வருவாரா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஏன் இடம் தர வேண்டும்?

அபாயகரமாக ஓட்டுவதற்கு 184-ஆவது பிரிவு. முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டிக்கொண்டே கையில் செல்போனைப் பிடித்திருப்பதும் இந்தப் பிரிவில்தான் வருகிறது. வீடியோ எடுத்தது யார் என்று மகனிடம் கேளுங்கள். 188-ஆவது பிரிவின்படி, அபாயகரமாக ஓட்டத் தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு. இவை தவிர, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு 281-ஆவது பிரிவு. யாராவது இறந்துவிட்டால் 106-ஆவது பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. வீடியோ என்பது அவனே தயாரித்து வைத்திருக்கும் சாட்சியம் என்பதையும் சொல்லுங்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தாமலில் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்த பிரபல யூடியூபர் கைதானதும், அவரது உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானதும் அவனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

உங்கள் நிலை இதுதான். மகன் 18 வயது கடந்தவன், செல்லுபடியாகும் உரிமம் உள்ளவன் என்பதால் ஓட்டிய குற்றம் அவனுடையது. ஆனால் பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், வண்டியின் உரிமையாளர் என்று உங்கள் பெயரும் எதிர்மனுதாரர் வரிசையில் இருக்கும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பொதுவாக நிறுவனம் தொகையைக் கொடுக்கும். பாலிசி காலாவதியாகியிருந்தால் சுமை உங்கள் தலையில்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று போட்டிருக்கும். அது ‘உரிமையாளர்–ஓட்டுநர்’ என்ற ஒருவருக்கு மட்டும். உங்கள் வண்டியில் அது நீங்கள், உங்கள் மகன் அல்ல. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், எனவே அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த வேகத்தாலும் அலட்சியத்தாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு மறுத்த கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. வண்டிச் சேதத்துக்கான பாலிசியில் ‘ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை’ ஆகியவற்றுக்குக் காப்பு இல்லை என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். ரேஸ் நடக்காவிட்டாலும், மகனின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது.

வண்டியையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சைலன்சர் மாற்றப்பட்டிருக்கிறதா? நம்பர் பிளேட் மடங்குகிற மாதிரி இருக்கிறதா? பின்பக்கக் கண்ணாடிகள் இருக்கின்றனவா? அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. இங்கே ‘உரிமையாளர்’ என்றால் நீங்கள்தான். மடங்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்தால், அவன் ‘ரைடு’ போகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். டிபன் சாப்பிடப் போகிறவன் வண்டி எண்ணை மறைக்க மாட்டான்.

நியாயமான பைக் குழுக்கள் இல்லாமல் இல்லை. முன்னால் ஒருவர் வேகத்தை நிர்ணயிப்பார், கடைசியில் ஒருவர் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார், எல்லோரும் முழு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அணிந்திருப்பார்கள், முந்துவதற்குத் தடை இருக்கும். உங்கள் மகனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: உங்கள் குழுவில் கடைசியாக வருவது யார்? அதிகபட்ச வேகம் எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? பதில் உடனே வந்தால் அது ரைடுதான். அவன் விழித்தால் குழுவை மாற்றச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு அதை நிபந்தனையாக வையுங்கள். சென்னை மாநகருக்குள் இரு சக்கர வாகனங்களுக்கு 50 கி.மீ., குடியிருப்புப் பகுதிகளில் 30 கி.மீ. என்று 2023 நவம்பரில் காவல்துறை அறிவித்ததையும், நெடுஞ்சாலையில் பலகை சொல்வதே எல்லை என்பதையும் அந்த நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகம் என்ற ஆசையே அவனுக்கு இருக்கக் கூடாது என்று நினைக்காதீர்கள். அதற்கென்று இடம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் பந்தயத் தடம் இருக்கிறது, 3.7 கி.மீ. நீளம். கோவை செட்டிப்பாளையத்தில் இன்னொன்று. அங்கே எதிரே வண்டி வராது, மூதாட்டி குறுக்கே வரமாட்டார், விழுந்தால் சறுக்கிப்போக இடம் இருக்கும், கொடியோடு பணியாளர்களும் ஆம்புலன்ஸும் நிற்பார்கள். முதலில் பயிற்சி வகுப்பு. போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டு சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம். தோல் உடை, கையுறை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் செலவு கையைக் கடிக்கும், உண்மைதான். ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுப் பந்தய வீரன் ஒருவன் விபத்தில் இறந்தான். ஆனால் தடத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் அந்த ஆபத்தை அறிந்து இறங்குகிறார்கள். ஈ.சி.ஆரில் பால் வாங்கப் போகிறவர் அப்படி இல்லை. ஒருமுறை அவனைப் போட்டி நடக்கும் நாளில் அங்கே அழைத்துப் போங்கள். தன்னைப் போன்ற எத்தனை பேர் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால், பஸ்ஸை முந்திய பெருமை கொஞ்சம் வடியும்.

இத்தனைக்குப் பிறகும் அவன் கேட்கவில்லை என்றால், அப்போது விற்றுவிடுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்யாமல் வண்டியை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பழைய உரிமையாளரைத் தேடிச் சம்மன் வருவது எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் கேட்கும் கதை.

இளையவன் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. 16 வயதில் எடுக்கக்கூடிய உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அண்ணனின் 200 சி.சி. வண்டியை அவன் ஓட்டி ஏதாவது குற்றம் நேர்ந்தால் 199ஏ பிரிவு நேராக உங்களிடம் வரும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. உங்களுக்குத் தெரிந்தே ஓட்டினான் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; தெரியாது, தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. எனவே மூத்தவனுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலும், மாற்றுச் சாவி உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.