பதில்: மொட்டை மாடியில துணி காயப்போட போனா காக்கா தலையில தட்டுது

குடையை விரிச்சுக்கிட்டு மாடிக்கு போங்க, கொஞ்ச வாரத்துல தானா நின்னுடும். காக்கா பெரும்பாலும் பின்னாடியிருந்துதான் பாஞ்சு வரும், குடை இருந்தா தலைக்கு எட்டாது. உங்க அம்மா சொல்ற மாதிரி சனி தோஷம்லாம் இல்லங்க.

மே மாசம்தான் ஆரம்பிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால பக்கத்துல பெரும்பாலும் கூடோ குஞ்சோ இருக்கும். சென்னையில கோடை வந்தாலே காக்கா கூடு கட்டிடும், முட்டை பொரிய 16, 17 நாள், அதுக்கப்புறம் குஞ்சு கூட்டை விட்டு வர மூணு நாலு வாரம், அது சரியா பறக்கத் தெரியாம தத்தித் தத்தி திரியிற அந்த கொஞ்ச நாள்ல அப்பா அம்மா ரெண்டும் யாரையும் கிட்ட விடாது.

நீங்க சொன்ன வேப்பமரத்துல கிளை பிரியிற இடத்தைப் பாருங்க, குச்சியோட கட்டுக்கம்பி துண்டெல்லாம் துருத்திக்கிட்டு இருக்கும். அங்க இல்லன்னா தண்ணி டேங்க் அடியில, சன்ஷேட் மேல பாருங்க. வால் குட்டையா, வாய் உள்ள செக்கச்செவேல்னு ஒண்ணு உக்காந்திருந்தா அது பறக்கப் பழகுற குஞ்சு, தயவுசெஞ்சு கையில எடுக்காதீங்க. உடம்பு பூரா புள்ளியா இருந்தா குயில் குஞ்சு, காக்கா அதையும் தன் பிள்ளையாத்தான் பாத்துக்கும், பாவம்.

ரெக்கை தொங்கினாலோ பூனை கடிச்சிருந்தாலோ மட்டும் கிண்டி வேளச்சேரி ரோட்டுல இருக்கிற விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸுக்கு போன் பண்ணுங்க. கூட்டை மட்டும் கலைச்சுடாதீங்க, திரும்பவும் கட்டி முட்டை போடும், உங்களுக்கும் இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும்.