நீளமான பேரலில் குண்டு வேகமாகப் போகுமா?

கேள்வி: என் மகள் கல்லூரி என்சிசியில் இருந்தபோது .22 ரைஃபிள் சுடக் கற்றுக்கொண்டாள். இப்போது கிளப்பில் சேர்ந்து 50 மீட்டர் பயிற்சி செய்கிறாள். இரண்டு பழைய ரைஃபிள்கள் விலைக்கு வருகின்றன. ஒன்றின் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) 20 அங்குலம், இன்னொன்று 26. “பேரல் நீளமாக இருந்தால் குண்டு வேகமாகப் போகும், அதான் விலை ஜாஸ்தி” என்கிறார் 26 அங்குலக்காரர். உண்மையா? கனம் தாங்கவில்லை என்றால், வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம் கொடுத்துக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: வெட்டும் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் பேரலைக் குட்டையாக்கக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. ரைஃபிள் வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. பாவம், மச்சானை இதில் இழுக்காதீர்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் சில எட்டுகளில் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும். அப்புறமும் வேகம் கூடும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கி, கை சும்மா வண்டியைத் தொட்டபடி ஓடும் கட்டம் வந்துவிட்டால், முன்னால் எவ்வளவு ரோடு இருந்தும் பயனில்லை. உரசல் வேகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

பேரலுக்குள் நடப்பதும் இதுதான். ‘வெடிமருந்து பேரலின் முனைவரை எரிந்துகொண்டே போகும்’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பகுதி முதல் சில அங்குலங்களிலேயே எரிந்து வாயுவாகிவிடும். அழுத்தமும் அங்கேதான் உச்சம். அதற்குப் பிறகு அந்த வாயு விரிந்து விரிந்து குண்டைத் தள்ளுகிறது. குண்டு முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் கூடுகிறது, அழுத்தம் விழுகிறது. ஆனால் ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவே உள்ள உராய்வு கடைசிவரை விடாது. எந்த இடத்தில் தள்ளும் விசை உராய்வுக்குச் சமமாகிறதோ, அதற்கு மேல் உள்ள பேரல் வேகத்துக்கு உதவாது.

அந்த இடம் எது என்பதைத் தீர்மானிப்பது, எவ்வளவு மருந்து எவ்வளவு அகலமான துளையில் விரிகிறது என்பதுதான். .22 (துளையின் அகலம் 0.22 அங்குலம்) போட்டித் தோட்டாவில் இருக்கும் மருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம். 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவில் கிட்டத்தட்ட மூன்று கிராம். மருந்து முப்பது மடங்கு, ஆனால் துளையின் பரப்பு இரண்டு மடங்குகூட இல்லை. அதனால் பெரிய தோட்டாவின் வாயு 24, 26 அங்குலம் தாண்டியும் முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். .22-இல் 16 அங்குலத்தை ஒட்டியே மூச்சு நின்றுவிடும். தோட்டாவைப் பொறுத்து இது ஓரிரு அங்குலம் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் வேகம் அப்படியே நிற்கும், சில தோட்டாக்களில் இம்மியளவு குறையவும் செய்யும்.

ஆக 26 அங்குலக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. வேறு துப்பாக்கிக்கான உண்மையை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார், அவ்வளவுதான். 5.56 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அங்குல எம்16 ரைஃபிளில் நொடிக்கு 940 மீட்டரைத் தாண்டிப் போகிற அதே குண்டு, 14.5 அங்குல எம்4-இல் சுமார் 900தான் போகும். அங்குலத்துக்கு ஏழெட்டு மீட்டர். இன்னும் குட்டையாக்கினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இழப்பு கூடும், சத்தமும் முகத்தில் அடிக்கும் நெருப்பும் கூடும்.

இன்னொன்று. உங்கள் மகளுக்கு வேகம் தேவையே இல்லை. போட்டித் தோட்டாவை வேண்டுமென்றே ஒலியை விடக் குறைவாக, நொடிக்கு 325 மீட்டர் அளவில் வைக்கிறார்கள். ஒலியைத் தாண்டிக் கிளம்பும் .22 குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலி எல்லையைக் கடக்கும்போது லேசாக ஆடிவிடும். நம் ஊர் மே மாத 38 டிகிரியில் ஒலியின் வேகமே 354 மீட்டர்வரை ஏறிவிடுகிறது. அந்த வெயிலால் நமக்கு வேறென்ன லாபம்!

அப்படியானால் நீள பேரலை எதற்குச் செய்கிறார்கள்? குறி பார்க்க. பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைவெளி கூடினால், குறி பிசகுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு நீள பேரல்தான் வேண்டும் என்றில்லை. குட்டை பேரலின் முனையில், குண்டைத் தொடாத அகலமான ஒரு குழாயை மாட்டி, அதன்மேல் முன் சைட்டை வைக்கிறார்கள். குண்டு சீக்கிரம் வெளியேறிவிடுகிறது, இடைவெளியும் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் ஆறு அங்குலத்தைக் கடக்க குண்டுக்கு அரை மில்லிவிநாடி ஆகும். புதிதாகச் சுடுகிறவரின் கை அதற்குள்ளும் கொஞ்சம் அசையும்.

நானும் ஒரு காலத்தில் விற்றவர் பேச்சை நம்பி நீள பேரல் வாங்கியவன்தான். மூன்று மாதம் இடது தோள் வலித்தது மிச்சம். பிறகு வேகம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால், என் ரைஃபிளுக்கும் நண்பரின் குட்டை ரைஃபிளுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் பெரிது. அந்தக் கூடுதல் விலையை ஒரே லாட் எண் (ஒரே தொகுப்பில் தயாரானதன் அடையாளம்) கொண்ட நல்ல தோட்டாக்களில் போடுங்கள். கனத்தையும் நீளத்தை வைத்துக் கணிக்காதீர்கள். தடித்த 20 அங்குலம் மெலிந்த 26-ஐவிட எடை கூடுதலாக இருக்கலாம். இரண்டையும் உங்கள் மகள் நின்றபடி தூக்கிப் பார்க்கட்டும், முன்பக்கம் எது தொங்குகிறது என்று அவளே சொல்லிவிடுவாள்.

வாங்குமுன் ஒரு சோதனை. இது மச்சானுக்கு உடனே புரியும், அவரைக் கூட்டிப்போங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (பேரலைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் பேரல் வாயின் உள்விளிம்பை ஒரு சுற்று தடவுங்கள். விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் வாயு ஒருபக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த ரைஃபிள் வேண்டாம், 20 ஆனாலும் சரி, 26 ஆனாலும் சரி.