ஓமீதும் வேரில்லாச் செடியும்

கேள்வி: அழிந்துவரும் பறவை, அழிந்துவரும் நீர்ச்செடி, இரண்டில் எதைக் காப்பாற்றுவது கஷ்டம்? செடியென்றால் தொட்டியில் வளர்த்துவிடலாமே?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வளர்த்துவிடலாம், உண்மைதான். அப்புறம் அதை எந்தக் குளத்தில் கொண்டுபோய் விடுவது என்பதுதான் சிக்கல்.

முதலில் பறவை. சைபீரியக் கொக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும், முகம் சிவப்பு. 1960-களில் குளிர்காலத்துக்கு ராஜஸ்தானின் பரத்பூருக்கு இருநூறு வரை வந்தன, 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. வரும் வழியில் நடந்த வேட்டை பெரிய காரணம். குஞ்சுகள் தாய் தகப்பனோடு பறந்துதான் வழி பழகும், அதனால் கூண்டில் வளர்த்த குஞ்சுக்கு வழி தெரியாது; ரஷ்யாவில் மனிதர்களே வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு கிளைடரில் முன்னால் பறந்து காட்டிப் பார்த்தார்கள். சீனாவின் போயாங் ஏரிக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் வருகின்றன, ஆனால் ஈரானுக்கு வந்துபோன கூட்டத்தில் ஓமீத் என்ற ஒற்றை ஆண் கொக்குதான் மிஞ்சியது. பாரசீகத்தில் ஓமீத் என்றால் நம்பிக்கை. ஆண்டுக்கணக்கில் அது தனியாகவே வந்து திரும்பியது. 2023-ல் பெல்ஜியத்திலிருந்து அதற்கு ஒரு துணை கொண்டுவந்தார்கள்.

செடிக்கு யார் இப்படிப் பேர் வைத்துக் காத்திருக்கிறார்கள்? அல்ட்ரோவாண்டா என்ற பூச்சி தின்னும் நீர்ச்செடி வேரே இல்லாமல் மிதக்கும், விரல் நீளமே இருக்கும். தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகக் குட்டிச் சிப்பிகள் போல இலைப்பொறிகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணியைவிடச் சின்னது. நீர்ப்பூச்சி உள்ளே இருக்கும் மயிரைத் தொட்டால் போதும், நாம் கண் சிமிட்டுவதற்குள் பொறி மூடிவிடும். டார்வின் 1875-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று நான்கு கண்டங்களில் பரவியிருந்த செடி, பெரும்பாலான இடங்களில் இன்று இல்லை. வயலில் போட்ட உரம் குளத்தில் கலந்தால் பாசி மண்டி அதை மூச்சடைக்கச் செய்துவிடும், சத்துக் குறைந்த தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

என்னைக் கேட்டால் செடிதான் கஷ்டம். கொக்குக்கு வழியில் சுடாமல் இருந்தாலே பாதிக் காரியம் ஆச்சு, செடிக்கோ சுற்றியிருக்கும் அத்தனை வயலும் மாற வேண்டும். இன்னொன்றும் உண்டு: இந்தச் செடி தூரத்துக் குளங்களுக்குப் போய்ச் சேர்வதே நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிக்கொண்டுதான்.