முடிவில் வரும் லோகோ – கடிதமும் பதிலும்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சோனி சேனலில் இந்தியில் டப் செய்து போட்ட 'பிவிச்ட்' என்ற அமெரிக்கத் தொடரை, இந்தி ஒரு வார்த்தை தெரியாமலேயே விடாமல் பார்த்தவன் நான். அண்மையில் என் மகளுக்குக் காட்டலாமே என்று அதன் பழைய எபிசோடுகளை யூடியூபில் தேடினேன். ஒரு பிரதியின் கடைசியில் ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்ற லோகோ வருகிறது, இன்னொன்றில் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன், மற்றொன்றில் சோனி. இவற்றில் எது அசல்? நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் முதல் ஏவிஎம், ஜெமினி வரை எல்லோரும் முத்திரையைப் படத்தின் தொடக்கத்தில் போட்டார்கள். இவர்கள் ஏன் கடைசியில் போடுகிறார்கள்? ஸ்க்ரீன் ஜெம்ஸ் லோகோவைக் கண்டு சிறுவயதில் அறையை விட்டே ஓடியதாக நடுவயது அமெரிக்கர்கள் எழுதியிருக்கிறார்களே, சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு படத்தைப் பார்த்து அப்படி என்ன பயம்? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் அஸ்தம்பட்டி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்ட கேள்விக்கு விடை சொன்னால் மற்ற இரண்டுக்கும் வழி பிறந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடரைத் தயாரித்த நிறுவனத்துக்கு முகப்பில் இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது கடைசி சில நொடிகள்தான். அந்த லோகோக்கள் அவ்வளவு சுருக்கமாகவும் சத்தமாகவும் அமைந்ததற்கும், நிறுவனம் கைமாறும்போதெல்லாம் வெட்டி ஒட்டப்பட்டதற்கும் அந்த இடமே காரணம் என்பது என் கருத்து.

திரைப்படத்தின் கதை வேறு. டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் ஸ்டூடியோவும் அவருடையது, முதலீடும் அவருடையது. 1937இல் வந்த 'சதி அகல்யா'வில் தொடங்கிப் பல படங்களை இயக்கியவரும் அவரே. டிக்கெட் வாங்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவர் படம் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறார். அந்த நேரத்தில் கம்பெனி தன் பெயரைச் சொல்லிக்கொள்வதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. கொம்பூதும் ஜெமினியின் இரட்டைக் குழந்தைகளைப் படத்தின் முதல் காட்சியாகவே கருதிய தலைமுறை ஒன்று இருந்தது. முடிவில் 'சுபம்' என்றோ 'வணக்கம்' என்றோ ஓர் அட்டை போட்டால் போதும். அதற்குள் பாதிப்பேர் வாசலுக்கு வந்திருப்பார்கள். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் வரும்போது நீங்கள் பார்க்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுகூட ஒரு முகப்புதான். உள்ளே இருந்த படப்பிடிப்புத் தளங்கள் போன பிறகும் அது நிற்கிறது.

ஐம்பதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகப்பு விளம்பரதாரருக்குச் சொந்தம். நடிகத் தம்பதியான லூசில் பாலும் தேசி அர்னாஸும் 1950இல் தொடங்கிய தேசிலு நிறுவனம் தயாரித்து, 1951 முதல் ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம் என்று இன்று உலகமே அறிந்திருப்பது பட்டுத்துணியின்மேல் ஓர் இதயமும் அதற்குள் தொடரின் பெயரும். முதல் ஒளிபரப்பில் அது கிடையாது. கார்ட்டூன் வடிவ லூசியும் தேசியும் பிலிப் மோரிஸ் சிகரெட் பெட்டியோடு விளையாடும் ஒரு சிறு படம்தான் அப்போது தொடக்கத்தில் வந்தது. மறுஒளிபரப்பில் சிகரெட் விளம்பரத்தை மறைப்பதற்காகச் செய்த ஒட்டுவேலையே அந்த இதயம். 'ஃபோர்டு தியேட்டர்' என்று தொடரின் பெயரிலேயே கார் கம்பெனி ஏறிக்கொண்டதும் உண்டு. விளம்பரதாரர் வாசலில் நிற்க, ஒளிபரப்பிய நெட்வொர்க் தன் பெயரை இடையிடையே சொல்லிக்கொள்ள, படம் பிடித்துக் கொடுத்த நிறுவனத்துக்குப் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பின் ஒதுக்கப்பட்ட இடமே மிஞ்சியது.

அந்த இடத்தையும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் கணக்கு ஒன்று உண்டு. முதல் ஒளிபரப்புக்கு நெட்வொர்க் கொடுக்கும் தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவுக்கே காணாது. லாபம் என்பது பிற்பாடு அதே எபிசோடுகளை ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்கும்போது வருவது. ஆகவே அந்தக் கடைசி லோகோ வீட்டில் பார்ப்பவருக்காக மட்டும் போட்டதல்ல. இந்தச் சரக்கு யாருடையது, வாங்க வேண்டுமானால் யாரிடம் பேச வேண்டும் என்று நிலையத்துக்காரருக்கும் அது சொன்னது.

உங்கள் 'பிவிச்ட்' தொடருக்கு வருவோம். ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்பது முதலில் கொலம்பியா பிக்சர்ஸின் கார்ட்டூன் பிரிவுக்கு இருந்த பெயர். நாற்பதுகளின் கடைசியில் கொலம்பியா தொலைக்காட்சிக்குள் இறங்கியபோது, சும்மா கிடந்த அந்தப் பெயரை எடுத்துப் புதிய பிரிவுக்கு வைத்தது. பெரிய ஸ்டூடியோக்கள் பல தொலைக்காட்சியைத் தீண்டத் தயங்கிய காலம் அது. வேறு பெயரில் இறங்கியதில் கொஞ்சம் கூச்சமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1964இல் 'பிவிச்ட்', 1965இல் 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி', 1966இல் 'தி மங்கீஸ்' என்று வரிசையாக வெற்றி வந்த வேளையில், 1965இல் நிறுவனம் புதிய லோகோ ஒன்றைச் செய்யச் சொன்னது. வடிவமைத்தது நியூயார்க்கின் செர்மயெஃப் அண்ட் கைஸ்மார். மோபில் எண்ணெய் நிறுவனத்துக்கும் சேஸ் வங்கிக்கும் லோகோ செய்து கொடுத்தவர்கள். ஒலி அமைத்தவர் எரிக் சைடே என்ற, இங்கிலாந்தில் பிறந்த வயலின் கலைஞர். மின்னணு முறையில் ஒலி எழுப்பும், ராபர்ட் மூக் செய்த சின்தசைஸர் கருவியை முதன்முதலாக வாங்கியவர்களில் ஒருவரான அவர், விளம்பரங்களுக்கும் நிலையங்களுக்கும் சில நொடி ஒலிகளைச் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி விளம்பரத்தில் காப்பி கொதிக்கும் ஒலியைத் தாளமாக்கியவரும் அவர்தான்.

அந்த லோகோவை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்புப் பட்டைகள் நகர்ந்து வந்து, நடுவில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து 'எஸ்' என்ற எழுத்தாகின்றன. அடியில் நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. கண்ணுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. இப்போது ஒலியை மட்டும் கேளுங்கள். ஊதுகருவி என்றால் மூச்சு கேட்கவில்லை, நரம்புக்கருவி என்றால் மீட்டும் விரல் தெரியவில்லை. 1965இல் சின்தசைஸர் ஒலி பெரும்பாலான வீடுகளுக்குள் அதுவரை நுழைந்ததே இல்லை. பெரியவர்களே எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாத ஓர் ஒலியை, பதிவுசெய்த சிரிப்பும் உற்சாகமான முடிவிசையும் ஓய்ந்த அடுத்த கணம், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்கிறது. கதை எதுவும் அதைத் தொடரவில்லை, யாரும் விளக்கவில்லை, வாரம் தவறாமல் அது மட்டும் வருகிறது. பயம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. 'நரகத்திலிருந்து வந்த எஸ்' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. அந்தத் தலைப்பில் ராட்னி ஆஷர் 2010இல் ஒரு குறும்படமும் எடுத்தார். எழுந்து போகிறவரின் காதில் விழும்படி கூப்பிட வேண்டும் என்பதுதான் சைடேயின் வேலை, அதை அவர் குறைவில்லாமல் செய்தார் என்பேன்.

இதற்கு நேர் எதிரான வழியை எம்டிஎம் பிடித்தது. நடிகை மேரி டைலர் மூரும் அவர் கணவர் கிராண்ட் டிங்கரும் 1969இல் தொடங்கிய அந்த நிறுவனம், எம்ஜிஎம் படக் கம்பெனியின் முத்திரைச் சிங்கத்தைக் கேலி செய்யும் வகையில், சிங்கம் இருக்கும் வட்டத்துக்குள் ஒரு பூனைக்குட்டியை உட்கார வைத்தது. மிம்சி என்ற அந்தக் குட்டியைக் கத்த வைக்கும் முயற்சி பலிக்கவில்லை என்றும், கடைசியில் அது கொட்டாவி விட்டதைப் பிடித்து அதன்மேல் மியாவ் ஒலியைச் சேர்த்தார்கள் என்றும் சொல்வார்கள். தொடருக்குத் தொடர் பூனைக்கு வேஷம் மாறியது: போலீஸ் தொடரான 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' முடிந்தால் தலையில் போலீஸ் தொப்பி, மருத்துவமனைத் தொடரான 'செயின்ட் எல்ஸ்வேர்' முடிந்தால் முகத்தில் அறுவைச் சிகிச்சை முகமூடி. அந்த மருத்துவமனைத் தொடரின் இறுதி எபிசோடு 1988இல் வந்தபோது, பூனை உயிர்காக்கும் கருவியோடு படுத்திருக்க, இதயத்துடிப்பைக் காட்டும் கோடு நேர்கோடாகிவிடுவதுபோல் முடித்தார்கள். கடைசி ஓரத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் அந்த ஓரத்தையே தங்கள் விளையாட்டுத் திடலாக்கிக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. தட்டச்சில் கடைசித் தாளை உருவி வீசும் ஸ்டீபன் ஜே. கேனல், 'உட்கார் உபு' என்று நாயை அழைக்கும் கேரி டேவிட் கோல்ட்பர்க் போன்ற தயாரிப்பாளர்கள் எல்லாம் எண்பதுகளில் இந்த வழியில் வந்தவர்கள்.

எது அசல் என்ற கேள்வி இருக்கிறது. நிறுவனம் கைமாறுவதுதான் லோகோ மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் எபிசோடுகள் முதலில் தேசிலுவின் பெயரோடு முடிந்தன. 1967இல் தேசிலுவை, பாரமவுன்டின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் வாங்கியதும், இரண்டாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவில் பாரமவுன்ட் பெயர் ஏறியது. சட்டமும் புதிய லோகோக்களைப் பிறப்பித்தது: நெட்வொர்க்குகள் மறுஒளிபரப்பு விற்பனையில் ஈடுபடக் கூடாது என்று 1970இல் அரசு ஆணையம் விதித்ததால், சிபிஎஸ் நெட்வொர்க் தன் விற்பனைப் பிரிவை 1971இல் வயாகாம் என்று தனியே பிரித்தது. பிள்ளைகளைப் பயமுறுத்திய இன்னொரு லோகோவான, பார்ப்பவரை நோக்கிப் பாய்ந்து வரும் 'வி', அவர்களுடையது.

உங்கள் தொடருக்கு நடந்ததும் அதுதான். 1974இல் ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்ற பெயர் போய், கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் ஆனது. 1982இல் கொலம்பியாவை கோகோ கோலா வாங்கியது. அக்காலத்து லோகோவின் அடியில் சிற்றெழுத்தில் 'கோகோ கோலா கம்பெனியின் ஒரு பிரிவு' என்ற வரி இருப்பதைக் காணலாம். 1989இல் சோனி வாங்கியது. 1994இல் கொலம்பியா டிரைஸ்டார் டெலிவிஷன், 2002இல் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன். ஒவ்வொரு முறையும் பழைய எபிசோடுகளைப் புதிதாக விநியோகிக்கும்போது, பழைய லோகோவை வெட்டிவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். சில பிரதிகளில் பழைய இசை தொடர, மேலே படம் மட்டும் மாறியிருக்கும். இது மோசடி ஆகாது. வீட்டை வாங்கியவர் பெயர்ப்பலகையை மாற்றுவதுபோலத்தான். யூடியூபில் பழைய தமிழ்ப்படங்களின் முன்னால் உரிமை வாங்கிய வீடியோ கம்பெனியின் லோகோ வருவதை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்காவது பழைய முத்திரையை வெட்டாமல் விடும் பெருந்தன்மை பெரும்பாலும் இருக்கிறது.

நம் தொடர்களில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் கடைசிக்குத் தள்ளப்படாததற்கும் பணம் போன வழிதான் காரணம். சன் டிவி போன்ற சேனல்களில் தயாரிப்பாளரே ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தையும் தாமே விற்கும் முறை இருந்தது. 1999இல் தொடங்கிய 'சித்தி'யைத் தயாரித்த ராடான் அந்த அரைமணி நேரத்துக்கு ஏறக்குறைய வாடகைதாரர். வாடகை கொடுத்தவர் வாசலில் பெயரை மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவிலோ, தொண்ணூறுகளில் அந்த ஆணைய விதி நீங்கி நெட்வொர்க்குகளே தயாரிப்பில் இறங்கியபோது, கடைசி இடமும் பறிபோனது. 1994இல் என்பிசி நெட்வொர்க் பெயர்ப்பட்டியலைத் திரையின் ஓரத்துக்கு ஒடுக்கி, எஞ்சிய பரப்பில் அடுத்த நிகழ்ச்சிக்கான துணுக்குகளைக் காட்டத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். லோகோ இன்றும் வருகிறது, ஆனால் கண் சிமிட்டினால் தவறிவிடும். ஸ்ட்ரீமிங் தளங்களில் பெயர்ப்பட்டியல் தொடங்கியதுமே அடுத்த எபிசோடுக்கான பொத்தான் முளைத்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் சோனியும் கொலம்பியாவும் பிற்காலத்தவை. 'பிவிச்ட்' 1972இல் முடிந்துவிட்டது, அந்த இரு பெயர்களும் அதற்குப் பின்னரே வந்தன. ஆனால் ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்று இருப்பதாலேயே அசல் என்று நம்பிவிடாதீர்கள். தொடரின் முதல் பருவம் 1964–65. அந்த 'எஸ்' வந்தது 1965இல். முதல் பருவ எபிசோடு ஒன்றின் கடைசியில் 'எஸ்' வந்தால், அதையும் யாரோ பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு பருவங்களும் கறுப்பு வெள்ளை என்பதால், கறுப்பு வெள்ளைக் கதை முடிந்ததும் மஞ்சளும் சிவப்புமாக லோகோ தெரிந்தால் அந்தப் பிரதியையும் சந்தேகிக்கலாம். உங்கள் மகளுக்கு எந்தப் பருவத்தைக் காட்டினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து